தாண்டிய கால்

மாசாட்சின் வீட்டில் கொக்கோ ஆற்றத் தெரிந்தவர்கள் அவருடைய மனைவியர் இரண்டு பேர். மூத்தவள் சென்தேவா ஆற்றினால் நுரை குவளையின் விளிம்புவரை வந்து நிற்கும். இளையவள் மியாவா ஆற்றினால் விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை எழும்பி, குடிக்கிறவர் மூக்கில் ஒட்டும். அந்த ஒரு விரற்கடை நுரைதான் சென்தேவாவின் வயிற்றில் வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது.

அடுக்களையில் அவள் சோளம் அரைக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். காது மட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும். மியாவா உயரத் தூக்கிய குடுவையிலிருந்து கொக்கோ கீழே விழும் சத்தம் முதலில் மழை போலக் கேட்கும். நுரை கட்டக் கட்ட, பஞ்சில் விழுவதுபோல் சத்தம் அடங்கும். அடங்கியதும் அவர் சிரிப்பார். சென்தேவா ஆற்றிக் கொடுத்த நாட்களிலும் அவர் குடித்தார். சிரித்ததில்லை.

மாசாட்சின் மெஹிக்கோ நகரத்தின் நீதிமண்டபத்தில் உட்காருகிற பிரபு. இளம் வயதில் போருக்குப் போய்க் கைதிகளைப் பிடித்து வந்து, உச்சிக்குடுமி வைக்கும் உரிமை பெற்றவர். இப்போது விடிந்ததும் பாய் விரித்த ஆசனத்தில் உட்கார்ந்து ஊர் வழக்குகளைக் கேட்பார். படகுக்காரன் மகனுக்கும் பிரபு மகனுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்கிறவர் என்று பெயர். அந்தப் பெயரைப் பற்றி யாராவது பேசினால் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வார்; ஆனால் இன்னொரு தடவை சொல்லமாட்டார்களா என்று காத்திருப்பது சென்தேவாவுக்குத் தெரியும்.

அவள் பெயருக்கு 'ஒருத்தி' என்று பொருள். அவள் அம்மா வயிற்றில் பிறந்தது அவள் ஒருத்திதான். சோச்சிமில்கோவிலிருந்து மியாவாவைப் படகில் ஏற்றி வந்த அன்று, அடுக்களைப் பெண்கள் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குத் துணையாக இன்னொருத்தி வந்துவிட்டாளாம். பிரபுக்கள் வீட்டில் இரண்டு மூன்று மனைவியர் இருப்பது புதிதல்ல. அவள் அப்பாவுக்கே நான்கு பேர். வழக்கம் என்று தெரிந்தால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன? மிளகாய் காரம் என்று தெரிந்தவனுக்கும் கண்ணில் பட்டால் எரியத்தான் செய்யும்.

அவளிடம் மிச்சம் இருந்த பெருமை ஒன்று. அடுப்புக்கு முன்னால் பாய் விரித்து, அவள் மேல்சட்டை நுனியையும் அவர் தோளாடை நுனியையும் சேர்த்து மருத்துவச்சி முடிச்சுப் போட்டது அவளுக்கு மட்டும்தான். மியாவாவுக்கு முடிச்சு கிடையாது. படகு வந்தது, பெண் இறங்கினாள், அவ்வளவுதான். கால்வாய்ப் படியில் துணி அலசும்போது ஒருநாள் சென்தேவா இதைச் சாடையாகச் சொல்லிக் காட்டினாள். மியாவா பிழிந்த துணியை உதறிக்கொண்டே, "முடிச்சு உங்களுக்கே இருக்கட்டும்க்கா. அவுக்கறது என் வேலை" என்றாள். படியிலிருந்த வேலைக்காரப் பெண்கள் தண்ணீருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து சென்தேவா முடிச்சுப் பேச்சை எடுப்பதில்லை.

மூத்தவளுக்கு ஒரே பெண், ஷிலோ. பூப்பெய்த இன்னும் ஓரிரண்டு வருடம் இருந்தது. அதற்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. மியாவாவுக்கு ஒரு மழைக்காலத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. முயல் நாளில் பிறந்தவன் என்பதால் தோச்சி என்று கூப்பிட்டார்கள். அவனும் முயல்குட்டி மாதிரியே உருண்டையாக, காதோரம் மெல்லிய மயிரோடு இருந்தான். ஷிலோ எந்நேரமும் அவன் பக்கத்திலேயே கிடந்தாள். சித்தி, சித்தி என்று மியாவாவின் பின்னாலேயே சுற்றி அவளிடம் கொக்கோ ஆற்றவும் கற்றுக்கொண்டாள். சொந்தப் பெண்ணின் கையில் அந்த உயர்ந்த நுரையைப் பார்த்த அன்று சென்தேவாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருடம் பிரபுக்களின் திருவிழா நெருங்கியபோது அவள் ஒரு முடிவு செய்தாள். திருவிழா மாலையில் பிரபுக்கள் எல்லாரும் தீப்பந்த வெளிச்சத்தில் மன்னர் முன்னால் கைகோத்து ஆடுவார்கள். ஊரே தெருவில் நிற்கும். யார் தோளில் எந்த ஆடை, அதை நெய்தது எந்த மனைவி என்று பெண்கள் விரல் நீட்டிப் பேசுவார்கள். தன் ஆடைதான் அவர் தோளில் இருக்க வேண்டும். அதற்காக மழைக்காலம் முழுக்க தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையின் வாரைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கள்ளிச்செடியில் ஒட்டும் பூச்சியை அரைத்தெடுத்த சிவப்பில் நூலைத் தானே தோய்த்தாள். ஓரத்துக்கு முயலின் வயிற்று மயிரைத் திரித்து வைத்து நெய்தாள். இடுப்பில் வார் பதிந்த தழும்பு ராத்திரி படுத்தால் வலிக்கும். பரவாயில்லை என்று புரண்டு படுப்பாள்.

திருவிழா அன்று மதியம் ஆடையை மடித்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அந்த அறைக்கு இரண்டு வாசல். ஒன்று முற்றத்தைப் பார்த்தது. இன்னொன்று பின்னால் கால்வாய்ப் பக்கம் திறக்கும். அந்தப் பக்கம்தான் மியாவாவின் அறை. சென்தேவா அந்தப் பின்வாசலை மிதித்ததே இல்லை.

முற்றத்து வாசலில் வெயில் விழும் இடத்தில் பாய் போட்டுத் தோச்சியைக் கிடத்தியிருந்தார்கள். கையிலிருந்த ஆடை மறைத்ததால் அவள் கீழே பார்க்கவில்லை. ஒரு கால் உள்ளே போன பிறகுதான் பார்த்தாள். மற்றக் காலையும் எடுத்து வைத்துவிட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது அதற்கு மேல் வளராது. தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்டிவிட வேண்டும், பழி அவிழ்ந்துவிடும். இது நடைபழகும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சென்தேவாவும் உடனே திரும்பத்தான் நினைத்தாள். உடம்பு பாதி திரும்பியும் விட்டது.

அப்போது உள்ளேயிருந்து அவர் சிரித்தார்.

அவர் நடுவில் நின்றிருந்தார். மியாவா அவர் தோளில் ஓர் ஆடையைப் போட்டு, எட்டி நின்று அழகு பார்த்து, மறுபடி கிட்டே வந்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். நீலத்தில் தேன்சிட்டுகள் பறக்கிற ஆடை. நல்ல வேலைப்பாடு. அதைத்தான் சென்தேவாவால் தாங்க முடியவில்லை. மோசமாக நெய்திருந்தால் மன்னித்திருப்பாள்.

"அட, நீயும் நெய்ஞ்சிருக்கியா?" என்றார் மாசாட்சின். "வெச்சிட்டுப் போ. அடுத்த வருஷம் போட்டுக்கறேன்."

அவள் ஆடையைக் கூடைமேல் வைத்தாள். வந்த வாசலைப் பார்த்தாள். வெயிலில் தோச்சியின் வயிறு ஏறி இறங்கியது. அந்த வாசல் வழியாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும். ஓர் எட்டு. அவ்வளவுதான்.

அவள் பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

கால்வாய்க் கரையோரம் சேற்றில் கால் வைத்துச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்த சோள உருண்டைகளை எடுத்து அடுக்கினாள். அன்று மாலை தெருவில் பெண்கள் நீல ஆடையைப் பார்த்து விரல் நீட்டினார்கள். யார் நெய்தது என்று ஒருத்தி கேட்டபோது, சோச்சிமில்கோக்காரி என்று சென்தேவாவே பதில் சொன்னாள்.

அதன்பிறகு தோச்சி வளரவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. சென்தேவா மட்டும் கவனித்தாள். அவனுடைய குதிகால் பாயின் எந்தக் கோரைவரை வருகிறது என்று கடந்துபோகும்போதெல்லாம் அவள் கண் தானாகப் பார்த்தது. அறுவடை முடிந்தும் அதே கோரை. எதிர்வீட்டில் அவனுக்குப் பின்னால் பிறந்த பிள்ளை எழுந்து நின்று வான்கோழியைத் துரத்தியது. இவன் உட்காரவே தலையணை வேண்டியிருந்தது. முதல் கொஞ்ச நாள் அவளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அதை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. மியாவாவின் நுரை இறங்க ஆரம்பித்தது. ஆற்றும்போது அவள் கண் குழந்தை மேலேயே இருந்ததால் கை பிசகியது. மாசாட்சின் குவளையை வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிக்காமல் கீழே வைத்தார். சென்தேவா இத்தனை வருடமும் வேண்டிக்கொண்டது இதுதான். கிடைத்த பிறகு பார்த்தால், ஆறிய கஞ்சி மாதிரி இருந்தது.

பிறகு குழந்தையின் அழுகை மெலிந்தது. பறவைக்குஞ்சின் சத்தம் மாதிரி ஆனது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கடைசியில் அப்படித்தான் அழுதார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சென்தேவாவின் குளிர்ச்சியெல்லாம் போய்விட்டது.

திரும்பத் தாண்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். யாருக்கும் தெரியாமல், ஓர் எட்டு. ஆனால் மியாவா இப்போது குழந்தையைத் தரையில் விடுவதே இல்லை. முதுகில் கட்டிக்கொண்டே அரைத்தாள், நூற்றாள், சாப்பிட்டாள். நான் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று சென்தேவா கேட்டுப் பார்த்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஒருதரம் தொட்டுத் தூக்காதவள் இப்போது வந்து கேட்கிறாளே என்று மியாவா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பழக்கமில்லாத கைக்கா. அழுவான்" என்று நகர்ந்துவிட்டாள்.

ஒரே ஒருமுறை வாய்த்தது. மியாவா நீராவி அறையில் குளிக்கப் போயிருந்தாள். தோட்டத்து மரத்தடியில் பாயில் தோச்சி தனியே தூங்கினான். சென்தேவா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டே போனாள். எந்தப் பக்கம் என்று ஒரு கணம் குழம்பினாள். அன்று தலை இடதுபுறம் இருந்தது, அப்படியென்றால் இப்போது இந்தப் பக்கமிருந்து. காலைத் தூக்கினாள்.

"அம்மா, தாண்டாதீங்க."

ஷிலோ பூக்கூடையோடு பின்னால் நின்றிருந்தாள். சென்தேவா காலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பார்க்கவில்லை, தெரியாமல் வந்துவிட்டேன் என்று ஏதோ சொன்னாள். பெண் நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் ஓடிவந்து பாய்க்குக் குறுக்கே உட்கார்ந்து, தம்பியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மியாவா கடைசியில் மருத்துவச்சியை அழைத்தாள். தோச்சியை வெளியே எடுத்த அதே மருத்துவச்சி. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், தண்ணீர்ச் சட்டியில் அதன் முக நிழலைப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் கூடியிருந்த பெண்களைப் பார்த்து, இந்தப் பிள்ளையை யாரோ தாண்டியிருக்கிறார்கள், திரும்பத் தாண்டவில்லை என்றாள்.

அரைக்கிற நெகாவால் என்ற பெண்ணுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. "ஷிலோ பாப்பா வெளையாடறப்போ தாண்டிச்சு. நான் பாத்தேன்" என்றாள். சொன்ன பிறகு சென்தேவாவின் முகத்தைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷிலோ மறுக்கவில்லை. பந்து உருண்டுபோனபோது ஒருநாள் தாண்டியதாகவும் உடனே திரும்பத் தாண்டிவிட்டதாகவும் சொன்னாள். திரும்பத் தாண்டியதை யார் பார்த்தார்கள் என்று மருத்துவச்சி கேட்டாள். யாரும் பார்த்திருக்கவில்லை. மியாவா எழுந்தாள். இந்த வீட்டில் ஷிலோவை அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. "உனக்கு என்னடி குறை வெச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். பெண்ணின் உதடு கோணிக்கொண்டது.

மத்தியானம் மாசாட்சின் மண்டபத்திலிருந்து வந்தார். முற்றத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். வழக்கு கேட்கிறபோது வருகிற முகம் அவருக்கு வந்தது. சென்தேவா அதை வீட்டில் பார்த்ததில்லை. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளுக்கு அந்த வயதில் ஊரில் என்ன தண்டனையோ அதுவே இங்கேயும் என்றார். காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டு அந்தப் புகையில் முகத்தைப் பிடிப்பது. பிரபு மகள் என்பதற்காக விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு மண்டபத்தில் உட்காருவேன் என்றார். அதன்பிறகு குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார். "வேற யாராவது தாண்டினதைப் பாத்தியா? பாத்திருந்தா சொல்லு. உன்மேல இருக்கறது போயிடும்."

ஷிலோ தலையைத் தூக்கி நேராகத் தன் அம்மாவைப் பார்த்தாள். மரத்தடியில் தூக்கிய கால் அந்தப் பார்வையில் இருந்தது. அம்மா கொல்லத்தான் வந்தாள் என்று பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சென்தேவாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரையும் பாக்கலப்பா" என்றாள் ஷிலோ.

நெகாவால் அழுதுகொண்டே மூன்று கல் அடுப்பில் தணலைக் கிளறினாள். முதல் மிளகாய் விழுந்து தும்மல் போலச் சீறியது. நெடி முற்றம் வரை வந்தது. சென்தேவாவின் மனம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. வாய் திறந்தால் அவளைப் படகில் ஏற்றிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா இறந்துவிட்டார், அந்த வீடு இப்போது மாற்றாந்தாய் மகனுடையது. அங்கே மூலையில் உட்கார்ந்து அண்ணிக்கு நூல் நூற்க வேண்டும். இங்கே மூத்த மனைவிக்கு உரிய அடுப்படிப் பாய் மியாவாவுக்குப் போகும். கொக்கோ, தோளாடை, சிரிப்பு எல்லாம் இனிக் கேட்பாரில்லாமல் அவளுக்கே. ஷிலோவும் இங்கேதான் வளர்வாள், சித்தி, சித்தி என்று.

அந்தக் கடைசி நினைப்புதான் அவளை அதிகம் குத்தியது. அதற்குள் அடுக்களைப் பெண் ஷிலோவின் பின்கழுத்தில் கை வைத்துவிட்டாள்.

"விடுடி அவளை" என்றாள் சென்தேவா. "தாண்டினது நான்."

சொல்ல ஆரம்பித்த பிறகு எளிதாக இருந்தது. திருவிழா அன்று ஆடையை எடுத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். முற்றத்து வாசலால் உள்ளே போய்ப் பின்வாசலால் வெளியே போனதைச் சொன்னாள். "தெரியாமத்தான் தாண்டினேன். ஆனா அந்தப் பக்கமா போனது தெரிஞ்சேதான் போனேன்." மரத்தடியில் திரும்பத் தாண்டப் போனதையும் சொன்னாள். அதை ஷிலோவின் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

மாசாட்சின் தன் ஆசனத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மதியம் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் போட்டுக்கறேன்.

தீர்ப்பு அப்புறம் ஆகட்டும், முதலில் தாண்டியது அவிழட்டும் என்றாள் மருத்துவச்சி. அதே வாசல், அதே கால். உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும்.

மியாவா குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இவள் கால் கீழே இன்னொரு தடவை என் பிள்ளையைப் போடுவதா என்று கேட்டாள். இவள் மறுபடியும் அதே பக்கமாகத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான பயம்தான், அவள் இடத்தில் இருந்தால் சென்தேவாவும் கேட்டிருப்பாள்.

"நான் பின்பக்கமா சுத்தி உள்ள வர்றேன்" என்றாள் சென்தேவா. "உள்ள வந்தவளுக்கு வெளிய போறதுக்கு ஒரு பக்கம்தானே. நீ இங்கயே நின்னு பாத்துக்க. புடிக்கலேன்னா புள்ளைய எடுத்துடு."

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தாள். கட்டியிருந்த படகு ஒன்று கரையில் உரசிக்கொண்டிருந்தது. ஏறிப் போய்விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். முற்றத்தில் காத்திருக்கிறவர்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பின்வாசலில் கால் சேற்றைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அறையில் நீல ஆடை முளையில் விரித்து மாட்டியிருந்தது. அவளுடைய சிவப்பு ஆடை கூடைக்கு அடியில், ஈரம் தாங்குவதற்காகப் போட்ட விரிப்பாகக் கிடந்தது. ஓரத்து முயல்மயிர் நசுங்கியிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் அதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று முன்னால் நடந்தாள்.

வாசலில் தோச்சி பாயில் கிடந்தான். அவன் தலைமாட்டில் மியாவா குனிந்து, எந்த நேரமும் பறித்துக்கொள்ளத் தயாராக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். சென்தேவா பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை வெளியே வைத்தாள். மற்றக் காலை எடுப்பதற்குள் தோச்சி அவள் கொலுசு மணியைப் பார்த்துவிட்டான். எலும்புகூட முற்றாத அந்தக் கை அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

அவள் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக நின்றாள். நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று மருத்துவச்சிக்கும் தெரியவில்லை. காலை உதற முடியாது. கீழே குனியவும் பயம். "விடச் சொல்லுடி அவனை" என்றாள். "நான் சொன்னா கேக்கற வயசா அவனுக்கு?" என்றாள் மியாவா. ஷிலோ வந்து முழங்காலிட்டு, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரல் பிரிந்ததும் சென்தேவா காலை எடுத்து வெளியே வைத்தாள். மியாவா குழந்தையை வாரிக்கொண்டாள். மருத்துவச்சி மூச்சு விட்டாள்.

மாசாட்சின் அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். தானாக ஒப்புக்கொண்டதால் படகில் ஏற்றவில்லை. ஆனால் அடுப்படிப் பாய் இனி இளையவளுக்கு. மூத்தவள் நெய்த ஆடை எதுவும் இனி அவர் தோளில் ஏறாது.

"முன்னாடியும் ஏறினதில்லையே" என்றாள் சென்தேவா.

அவர் ஆசனத்தை விட்டு எழுந்து உள்ளே போனார். மண்டபத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலும்.

மறுநாள் தறியடியில் ஷிலோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நூலைப் பிரித்துக்கொண்டே, அன்னிக்கு மரத்தடியில நான்தான் கெடுத்துட்டேனா என்று கேட்டாள். நீ தடுத்ததுதான் சரி, யார் கால் தூக்கினாலும் தடு என்றாள் சென்தேவா. பெண் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது.

சோளக்கதிர் முற்றும் காலத்தில் தோச்சியின் குதிகால் பழைய கோரையைத் தாண்டியது. தலையணை இல்லாமல் உட்கார்ந்தான். தவழத் தொடங்கியதும் அவன் போன முதல் இடம் சென்தேவாவின் தறி. அந்தக் கொலுசு மணியை அவன் மறக்கவில்லை. மியாவா முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுவாள். திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி இந்தப் பக்கமே வருவான். முதலில் மியாவாவும் சிரித்தாள். பிறகு கூப்பிடும் குரலில் ஒரு கூர்மை வந்தது. "என்னக்கா மருந்து வெச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கண்ணைச் சென்தேவாவுக்குத் தெரியும். கால்வாய்த் தண்ணீரில் குனிந்தபோதெல்லாம் அதே கண் பல வருடமாக அவளைப் பார்த்திருக்கிறது.

அவள் இரக்கப்பட்டிருக்கலாம். படவில்லை. கூடைக்கு அடியிலிருந்த சிவப்பு ஆடையை ஒருநாள் கேட்டு வாங்கி, துவைத்து, முயல்மயிரை விரலால் கோதி நிமிர்த்தினாள். அவர் தோளில் ஏறக் கூடாது என்றுதானே தீர்ப்பு. தோச்சியை அதில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டாள். மாசாட்சின் மண்டபத்திலிருந்து வரும் நேரமாகப் பார்த்து முற்றத்தில் நடந்தாள். தான் திரும்பத் தாண்டிய காலால்தான் பிள்ளை வளர்கிறான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

மாசாட்சின் சிவப்பைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். நல்ல சிவப்பு என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே மியாவா குடுவையை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தாள். மழை போல விழுந்த சத்தம் பஞ்சுபோல் அடங்காமல் நடுவில் நின்றுபோனது. அவள் குடுவையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பால் குடுக்கற நேரம்க்கா. புள்ளைய குடுங்க."

சென்தேவாவின் முதுகில் தோச்சி கண்ணை அகல விரித்துக்கொண்டு முயல்மயிரைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"தூங்கறான்" என்றாள் சென்தேவா.